ஒரு தலைக்கு 875 டன்

சிரம்பானில் அண்மையில் வெளிவந்த ஒரு சிறப்பு மலரில், செண்டாயான் விமானத் தளத்தைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. எழுதியவர் நம்மவர். பெயர் வேண்டாம், வாதம் போதும். அதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மலாயாவின் விமானத் தளங்கள் தோட்டங்களைக் காப்பதற்காகவே எழுந்தன; 1941இல் அவை வீரமாகப் போராடித் தோற்றன, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் வீரமாகப் போராடி வென்றன; பட்டர்வொர்த் தளம் முப்பது ஆண்டுகள் நம் தலைக்கு மேல் குடை பிடித்தது; இப்போது அந்தப் பெருமை நெகிரி செம்பிலானுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் நிலம், வீடு, நஷ்டஈடு என்று முனகுவதை விட்டுவிட்டு நன்றியோடு இருக்க வேண்டும்.

அந்தக் கடைசி வரி இல்லாதிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வரலாறு தெரியாமல் ஒருவர் பெருமைப்பட்டுக்கொள்வது அவர் சொந்த விஷயம். அதை வைத்து அடுத்தவனை நன்றி சொல்லச் சொன்னால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் 1941. தளங்கள் தோட்டங்களைக் காக்க எழுந்தன என்பதற்கு அவர் காட்டும் ஒரே சான்று, அவை தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருந்தன என்பது. கள்ளுக்கடையும்தான் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதுவும் எங்களைக் காக்க வந்ததுதானா? மேற்குக் கரையில் அன்று எதைக் கட்டினாலும் ரப்பர் மரங்களுக்கு நடுவேதான் கட்ட முடியும்.

வடக்கே வரிசையாகத் தளங்கள் எழுந்த காரணம் வேறு. பிரிட்டன் பெரும் பணம் கொட்டி சிங்கப்பூரில் ஒரு கடற்படைத் தளம் கட்டியிருந்தது. அங்கே நிறுத்துவதற்குத்தான் கப்பல் இல்லை. கப்பலெல்லாம் ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டிருந்தது. சரி, ஆகாயப் படை காக்கட்டும் என்று 1940இல் லண்டன் முடிவு செய்தது. 336 விமானங்கள் வேண்டும் என்று அவர்களே கணக்கும் போட்டார்கள். ஜப்பான்காரன் வந்து இறங்கிய அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்துப் பறக்கத் தயாராக இருந்தவை 158. போர்விமானம் என்று கைவசம் இருந்தது பஃபலோ. ஜப்பானிய ஜீரோவுக்கு முன்னால் அதனால் நிற்க முடியவில்லை.

மலர்க் கட்டுரை தொடாத இடம் ஒன்று இருக்கிறது. கோத்தா பாரு, கோங் கெடாக், மச்சாங், அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி ஆகிய இடங்களில் ஓடுதளங்களை எங்கே போடுவது என்று ஆகாயப் படை தானாக முடிவு செய்தது. அவற்றைக் காக்க வேண்டிய ராணுவத்தை உருப்படியாகக் கேட்கவில்லை. கடற்கரையோரம், எல்லையோரம் என்று வசதிப்பட்ட இடத்தில் போட்டார்கள். ஓடுதளம் வந்தது, விமானம் வரவில்லை. எதிரி பிடித்துக்கொண்டால் நம் தலையிலேயே குண்டு போடுவான் என்ற பயம் மட்டும் வந்தது. அதனால் ஓரிடத்தில் திரண்டு நின்றிருக்க வேண்டிய படையைப் பிரித்து, வெறும் ஓடுதளங்களுக்குக் காவல் போட்டார்கள். கோத்தா பாரு கடற்கரையில் எட்டாம் இந்தியப் பிரிகேட், அலோர் ஸ்டாருக்கு முன்னால் ஜித்ராவில் பதினோராம் இந்திய டிவிஷன். செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். தளம் ஆளைக் காத்த கதையா இது, ஆள் தளத்தைக் காத்த கதையா?

டிசம்பர் 8ஆம் தேதி மாலையே கோத்தா பாரு விமானத் தளம் கைவிடப்பட்டது. எதிரி வேலியருகே வந்துவிட்டான் என்றொரு வதந்திதான் காரணம். அலோர் ஸ்டாரில் பெட்ரோலையும் குண்டுகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஜப்பானியர் அதே ஓடுதளத்தில் இறங்கி, அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டு தெற்கே பறந்தார்கள். சர்ச்சில் கொடுத்த சாமான் என்று அதற்குக் கேலிப் பெயரும் வைத்தார்கள்.

விமானி ஆர்தர் ஸ்கார்ஃபின் பெயரைக் கட்டுரை பெரிதாகச் சொல்கிறது. சொல்ல வேண்டிய பெயர்தான். டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்க ஓர் அணி புறப்படவிருந்தது. ஸ்கார்ஃபின் பிளெனிம் தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் ஜப்பானிய விமானங்கள் வந்து மற்றவற்றை நின்ற இடத்திலேயே நொறுக்கின. மனிதர் தனியாகவே எல்லை தாண்டிப் போனார், குண்டு போட்டார். உடம்பெல்லாம் காயத்தோடு திரும்பி வந்து அலோர் ஸ்டார் அருகே வயலில் விமானத்தை இறக்கினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் மருத்துவமனையில் இறந்தார். விக்டோரியா கிராஸ் விருது 1946இல்தான் வந்தது. அந்த மனிதருக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு தளம் முழுவதிலுமிருந்து அன்று எதிரியை எட்டியது ஒரே ஒரு விமானம் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது. அன்பர் பாதியைப் படித்துவிட்டுக் கைதட்டுகிறார்.

நெகிரி செம்பிலானுக்கு வருவோம். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்த சில நாட்களில் சிரம்பான். 14ஆம் தேதி கெமாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியக் காலாட்படை பதுங்கி நின்று, சைக்கிளில் வந்த ஜப்பானியர்களைச் சிதறடித்தது. இந்த மாநிலத்து மண்ணில் அந்தப் படையெடுப்புக்கு விழுந்த பெரிய அடி அதுதான். அதைக் கொடுத்தது பாலத்துக்கடியில் வைத்த வெடியும் தரையில் படுத்திருந்த சிப்பாயும். கோலாலம்பூரின் சுங்கை பெசித் தளத்திலிருந்து பறந்த பஃபலோக்கள் டிசம்பர் முடிவதற்குள்ளேயே சிங்கப்பூருக்குப் போய்விட்டன.

துரைமார்களும் போய்விட்டார்கள். பெரட்டுக்கு நின்ற சனம் மட்டும் தோட்டத்தில் மிஞ்சியது. பால் வாங்க ஆளில்லை, பர்மா அரிசி வரும் வழியில்லை. 1943இல் லாரி வந்தது. சயாமுக்கு வேலைக்கு என்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றும் சொன்னார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை. அதில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணி வைக்கவில்லை. எண்ணத் தோன்றவில்லை என்பதே அந்தக் காலத்தின் லட்சணம். பிறகு 1944, 45இல் அதே பாதையின் பாலங்கள்மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டபோது பாலத்தருகே இருந்த முகாம்களிலும் அது விழுந்தது. 'காக்க எழுந்த' ஆகாயப் படையைத் தோட்டத் தொழிலாளி மிகப் பக்கத்தில் கண்ட தருணங்களில் அதுவும் ஒன்று. மலரில் இதற்கு அரைப் பத்திகூட இல்லை.

அவசரகாலம் வந்ததும் கட்டுரையாளரின் பேனாவுக்கு இறக்கை முளைத்துவிடுகிறது. லிங்கன் குண்டுவிமானங்கள் காட்டை உழுதனவாம், கம்யூனிஸ்டுகள் கதிகலங்கினார்களாம், தோட்டத்தில் சனம் நிம்மதியாகப் பால் வெட்டியதாம்.

ஆஸ்திரேலிய ஆகாயப் படையின் முதலாம் அணி 1950 முதல் 1958 வரை சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து லிங்கன்களை ஓட்டியது. மலாயாக் காடுகளில் காமன்வெல்த் படைகள் போட்ட குண்டுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ஓர் அணி போட்டவை. எட்டு ஆண்டுகளில் சுமார் 4,000 முறை பறந்தார்கள். 14,000 டன் குண்டு கொட்டினார்கள். அந்த அணியால் கொல்லப்பட்டதாக அதிகாரபூர்வமாக உறுதியான கொரில்லாக்கள் 16 பேர். அழிந்த முகாம்கள் இருபதோ முப்பதோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு தலைக்கு 875 டன்.

காட்டுக்குள் செத்தவனை யார் போய் எண்ணினார்கள், உண்மை எண்ணிக்கை கூடுதலாக இருக்குமே என்று அவர் கேட்கலாம். நியாயம். பத்து மடங்காகவே வைத்துக்கொள்ளட்டும், 160. பன்னிரண்டு ஆண்டு அவசரகாலத்தில் கொல்லப்பட்ட கொரில்லாக்கள் சுமார் 6,700 பேர். மிச்சப் பேரைக் கொன்றது யார்? ரோந்து போன படையும் பதுங்கியிருந்து சுட்ட போலீசும்தான். காட்டிக்கொடுத்தவனுக்கும் அதில் பங்குண்டு.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு ஒன்றை அவர் துருப்புச் சீட்டாக இறக்குகிறார். சிரம்பான் வட்டாரத்தில் பேர்பெற்ற கொரில்லாத் தலைவர் தெங் ஃபூக் லூங் 1957இல் லிங்கன்களின் குண்டுவீச்சில் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் எட்டு ஆண்டுகளில் எடுத்துச் சொல்ல இரண்டு மூன்று வெற்றிகள்தான் கிடைக்கின்றன என்றால், அவை எதை நிரூபிக்கின்றன? மேலிருந்து பார்த்தால் காடு ஒரே பச்சை. எந்தப் பச்சைக்குக் கீழே ஆள் இருக்கிறான் என்று போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் சொன்னால்தான் குண்டுக்குக் கண் கிடைக்கும். அந்தத் தகவல் மண்ணில் நடந்த வேலையின் பலன்.

விமானத் தளங்களால் பயனே இல்லை என்று நான் சொல்வதாக அவர் திரித்துவிடக் கூடாது. பயன் பெரிது. அவர் காட்டும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். வாரக்கணக்கில் காட்டுக்குள் நடந்த படைகளுக்கு அரிசியும் ரவையும் மருந்தும் பாராசூட்டில் இறங்கின. 1950இல் மூன்றே மூன்று டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களோடு தொடங்கிய சிறு பிரிவு, குண்டடி பட்டவனைக் காட்டிலிருந்து தூக்கி வந்தது. அதற்கு முன்னால் ஒரு காயக்காரனைத் தூக்கி நடக்க முழுப் பிளட்டூனும் நாட்கணக்கில் செலவாகும். சின்னஞ்சிறு ஆஸ்டர்கள் தாழப் பறந்து பாதைகளையும் காட்டுக்குள் போட்டிருந்த மரவள்ளிப் பாத்திகளையும் வேவு பார்த்தன. ஒலிபெருக்கி கட்டிய டக்கோட்டாக்கள் சரணடையச் சொல்லிக் கூவிக்கொண்டு வட்டமிட்டன. பயோனியர் விமானங்கள் நூறு இருநூறு மீட்டர் மண் தரை கிடைத்தால் இறங்கிவிடும். காட்டுப் பழங்குடிகளான ஓராங் அஸ்லிகளுக்கிடையே அமைத்த கோட்டைகள் உயிரோடு இருந்தது அவற்றால்தான். இந்த வேலைகளின் நடுவே இருந்தது சுங்கை பெசி. 1958 ஜூன் 2இல் பிறந்த மலாயா ஆகாயப் படையும் போர்விமானத்தோடு பிறக்கவில்லை; அதன் முதல் விமானம் ஒரு டுவின் பயோனியர், மூட்டை சுமக்கும் ஜாதி. இதைப் பற்றி எழுதியிருந்தால் நானே அவர் கட்டுரையை நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடுத்திருப்பேன். ஆனால் மூட்டை சுமப்பதில் என்ன மகிமை? குண்டு போட்டால்தானே மலருக்கு அழகு.

'நிம்மதியாகப் பால் வெட்டியது' என்று வருகிறதே, அந்த நிம்மதி எப்படி இருந்தது என்று சொல்கிறேன். தனித்தனி டிவிஷன்களில் இருந்த லயன்களைக் காலி செய்து, சனத்தை ஒரே இடத்தில் கொண்டுவந்து கம்பிவேலிக்குள் அடைத்தார்கள். புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட ஐந்து லட்சம் பேரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தோட்டம், சுரங்கம் என்று வேலையிடத்திலேயே இப்படித் திரட்டி அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் என்று ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்து கணக்கிட்டிருக்கிறார். நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

விடிவதற்கு முன் வேலிக் கதவு திறக்காது. திறந்ததும் சோதனை. பால்வாளிக்கு அடியில் இரட்டைத் தட்டு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். சைக்கிள் குழாய்க்குள் அரிசி இருக்கிறதா என்று சீட்டைக் கழற்றுவார்கள். பெண்களை ரவிக்கைவரை தடவிப் பார்க்கத் தனி ஆள் நிற்பாள். காட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு போகத் தடை. நாலு மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போகிறவள் பால் எடுத்துக் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும். கடையில் சார்டின் டின் வாங்கினால் கடைக்காரன் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், பதுக்க முடியாது. கொரில்லாவைப் பட்டினி போட்டது, சனத்தை இப்படி வேலிக்குள் அடைத்த பிரிக்ஸ் திட்டம். அதற்காக முதலில் பட்டினி கிடந்தது தோட்டத்துப் பெண். அவசரகாலத்தை வென்ற ஆயுதம் எது என்று யாராவது பதக்கம் கொடுக்க வந்தால், தெங்காவுக்குப் போகும் வழியில் அந்த ஓட்டை போட்ட சார்டின் டின்னிடமும் கொஞ்சம் நிற்கட்டும்.

இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது என்பதை விட்டுவிட்டால் நானும் அவர் செய்ததையே செய்தவனாவேன். கொரில்லாக்கள் கங்காணிகளையும் கிராணிகளையும் மரத்தில் கட்டிவைத்துக் கொன்றிருக்கிறார்கள்; பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் சனத்தின் பிழைப்பில் மண் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் தன் பங்குக்குத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கில் போட்டது. அதே மாதம் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். தோட்டத்தில் நியாயமான சம்பளம் கேட்கும் குரல் அதன்பின் அடங்கிப்போனது. எந்த விமானம் எங்களை எதிலிருந்து காத்தது என்று கட்டுரையாளர் கொஞ்சம் குறிப்பாகச் சொன்னால் தேவலை.

பட்டர்வொர்த் குடை பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1958இல் ஆஸ்திரேலியா அதை எடுத்துக்கொண்டது. கான்பெர்ரா, சேபர், பின்பு மிராஜ் என்று விமானங்கள் நின்றன. அவற்றில் சேபர்கள் 1962இல் தாய்லாந்தின் உபோனுக்குப் போயின. கான்பெர்ரா அணி 1967இல் வியட்நாமின் ஃபான் ராங்குக்குப் போனது. சண்டையைத் தன் கரைக்கு வெளியே வெகு தூரத்திலேயே நிறுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் கொள்கை. அதில் தவறில்லை, அவரவர் நாடு அவரவருக்கு. ஆனால் அதை நம் மேல் கொண்ட பாசம் என்று படிப்பது வெகுளித்தனம். 1964 செப்டம்பரில் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோவின் வான்குடை வீரர்கள் ஏறத்தாழ நூறு பேர் லாபிஸில் வந்து குதித்தார்கள். நம் எல்லைக்குத் தெற்கே, தோட்டக் காட்டில். குடைக்குக் கீழே நின்றவர்கள்மேல் குடையே வந்து விழுந்த மாதிரி. அவர்களைத் தேடிப் பிடித்தது கூர்க்காவும் நியூசிலாந்துக்காரனும், நடந்து. 1970 முதல் பட்டர்வொர்த் தளத்துக்குக் காவலாக ஓர் ஆஸ்திரேலியக் காலாட்படைக் கம்பெனியே வந்து நின்றது. காப்பவனுக்கே காவல் போட வேண்டியிருந்தது என்பதை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? 1971க்குப் பிறகு ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் வான்காப்புத் தலைமையகம் அங்கே இருக்கிறது. அது உருப்படியான வேலை, இன்றும் நடக்கிறது. அதற்கு அவர் ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்.

கடைசியாக, நம் வாசலுக்கு வந்த பெருமை. செண்டாயான் தளம் ராணுவத் தேவையால் நெகிரி செம்பிலானைத் தேர்ந்தெடுத்து வந்தது என்று கட்டுரை சொல்கிறது. அப்படியா? அது மாற்றாக வந்த சுங்கை பெசித் தளத்தைச் சுற்றி நகரம் நெருக்கிவிட்டது என்பது உண்மை. என்றைக்காவது நகர்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் அது நகர்ந்த விதத்தை மறந்துவிட முடியுமா? தலைநகருக்குள் கிடந்த ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி கைக்குப் போனது. அங்கே பண்டார் மலேசியா எழும் என்றார்கள். பதிலுக்குப் பல இடங்களில் ஆகாயப் படைக்குப் புதுத் தளங்கள் கட்டித் தருவதாக ஏற்பாடு. அவற்றில் பெரியது செண்டாயான். 2015இன் கடைசி நாளில் பண்டார் மலேசியாவின் 60 விழுக்காட்டுப் பங்கு 7.41 பில்லியன் ரிங்கிட்டுக்கு விலை பேசப்பட்டது. 2017 மே மாதம் அந்தப் பேரம் முறிந்தது. 2018இல் சுங்கை பெசித் தளம் மூடப்பட்டது. வேலியருகே எதிரி வந்ததாக இந்த முறை வதந்திகூட இல்லை. வந்தது நிலத் தரகு. இதில் பெருமை எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

செண்டாயானில் போர்விமானம் எதுவும் நிறுத்திவைக்கப்படவில்லை. எஃப்-18கள் பட்டர்வொர்த்தில். சுகோய்கள் கோங் கெடாக்கில். ஆம், 1941இல் போட்டுவிட்டு ஓடிய அதே கோங் கெடாக். இங்கே நடப்பது முக்கியமாகப் பயிற்சி. நல்ல வேலைதான், நம் பிள்ளைகளில் நாலு பேர் சீருடை போட்டு உள்ளே போனால் எனக்கும் மகிழ்ச்சி. அதற்காக 'நாட்டின் வான் அரண்' என்று மலரில் அச்சடிப்பது அந்தப் பயிற்சி மாணவர்களுக்கே கூச்சமாக இருக்கும்.

நிலத்தைப் பற்றிக் கேட்பவன் நன்றி கெட்டவன் என்கிறாரே, அதற்கு வருகிறேன். செண்டாயான், லாபு, மம்பாவ், ரந்தாவ் எல்லாம் முதலில் ரப்பராகவும் பிறகு செம்பனையாகவும் நின்ற வட்டாரம். இன்று ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் புது நகரம். 2009 ஜனவரியில் லாபு தோட்ட நிலத்தில் மலிவுக் கட்டண விமான நிலையம் வருவதாக ஒரு மாதம் ஆர்ப்பாட்டம் நடந்து, அந்த மாதக் கடைசியில் அரசாங்கமே கைவிட்டதையும் பார்த்தோம். அப்போதும் வரைபடத்தில் தோட்டம் காலி மனையாகத்தான் தெரிந்தது. காலி மனையில் லயன் வீடு இருந்தது, கோயில் இருந்தது, ஆயாக் கொட்டகை இருந்தது. தோட்டம் கைமாறி வேலை போனால் 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு மரம் வெட்டியவளுக்கு 600 நாள் சம்பளம். அதுவும் தோட்டத்துச் சம்பளம். வீடு அந்தக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் வீடு கம்பெனியுடையது. அதே நிலம் ஏக்கர் கணக்கு போய்ச் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது.

அடுத்த மலருக்குக் கட்டுரையாளருக்கு ஒரு வேலை சொல்கிறேன். செண்டாயான் புது நகருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் கீழே போன தோட்டங்களின் பெயர்களை, டிவிஷன் டிவிஷனாகப் பட்டியல் போடட்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம் இருந்தது, கோயிலும் பள்ளிக்கூடமும் எங்கே போயின, யாருக்கு வீடு கிடைத்தது, யார் சிரம்பான் அடுக்குமாடியில் வாடகை கட்டுகிறார்கள் என்று விசாரித்து எழுதட்டும். நில அலுவலகம் சிரம்பானில்தான் இருக்கிறது, பழைய கிராணிகள் சிலர் இன்னும் ரந்தாவில் இருக்கிறார்கள். அதை முடித்துக்கொண்டு வரட்டும், நன்றியைப் பற்றி அப்போது பேசலாம்.